ரதி வேடக்காரர் மறைத்த கட்டி

மாசி அமாவாசை கழிந்து, காமன் கம்பம் ஊன்றிக் காப்புக் கட்டிவிட்டால், பௌர்ணமியில் மன்மதனை எரிக்கும் வரைக்கும் சிவசாமி அண்ணனை யாரும் சிவசாமி என்று கூப்பிட மாட்டார்கள். "என்ன ரதியம்மா, இன்னிக்கும் ஒரு நேரச் சோறுதானா?" என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் கேட்பார்கள். அவர் தலையைக் குனிந்தபடி, "ஆமா தாயி, விரதம்ல" என்பார். சிவன் பேரை வைத்துக்கொண்டு சிவனையே திட்டி ஒப்பாரி வைக்கிற ஆள் என்று கங்காணிமார் கேலி செய்வார்கள். அதற்கும் சிரிப்பார். மற்ற பதினொரு மாதமும் அவரை யாரும் கேலி செய்வதில்லை. கேலி செய்கிற அளவுக்கு அவர் யார் கண்ணிலும் படுவதில்லை.

கொட்டகலையிலிருந்து மூன்று மைல் மேலே ஏறினால் வருகிற தோட்டத்தில் அவர் கவ்வாத்து வெட்டுகிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும். தேயிலைச் செடி உயர்ந்து கொழுந்து குறைந்துபோனால் அதைத் தொடை உயரத்துக்கு வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. கத்தியைக் கீழிருந்து மேலாக இழுத்து, ஒரே வீச்சில், சிம்பு பிளக்காமல் சாய்வாக வெட்ட வேண்டும். சிவசாமி அண்ணன் வெட்டிய கிளையில் விரலை வைத்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும் என்று சொல்வார்கள். வேலை முடிந்து வந்தால் கத்தியைத் தீட்டுவார், குளிப்பார், வாசல் திண்ணையான இஸ்தோப்பில் குந்தியிருப்பார். பிள்ளைகள் இல்லை. வீட்டுக்கு வேண்டியதைப் பேசுவதெல்லாம் அவர் மனைவி பேச்சியம்மாதான்.

ஆனால் பதினான்கு வருடமாக அந்தத் தோட்டத்துக் காமன் கூத்தில் ரதி அவர். சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படும்போது, ரதி இரண்டு கைகளையும் விரித்து உயரத் தூக்கி வழி மறிப்பாள். அவன் இடப்பக்கம் நழுவினால் இடப்பக்கம், வலப்பக்கம் நழுவினால் வலப்பக்கம். அரை மணி நேரம் போகும் அந்த ஆட்டம். சிவசாமி அண்ணன் மறிக்கும்போது முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்கள், "போகாதய்யா, அவ சொல்றதக் கேளய்யா" என்று மன்மதனிடம் வாய்விட்டுக் கெஞ்சுவார்கள். மன்மதனாக ஆடுகிற அழகனுக்கே சில சமயம் அடி தடுமாறும். இந்தியாவுக்குப் போய்த் திரும்பாத புருசன், கொழும்பில் வேலைக்குப் போய்க் கடிதம் போடாத மகன் எல்லாரையும் அந்தக் கைகள் மறித்து நிறுத்தப் பார்ப்பதுபோல் இருக்கும்.

நான் ஆறு வருடம் துரை வீடு ஒன்றின் பிள்ளைகளுக்கு ஆயாவாக ஊட்டி, பினாங்கு என்று சுற்றிவிட்டு, அறுபத்தொன்றாம் ஆண்டு தை மாதம் திரும்பி வந்து அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். சிவசாமி அண்ணன் வீடு அடுத்த காம்பரா. வரிசை வீடுகளான லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரையைத் தொடாது. அதனால் நான் கேட்டது பாதி; மீதியைப் பேச்சியம்மா என்னிடம் சொன்னாள்.

எல்லாம் அதற்கு முந்தைய வருடம் வந்த ஒரு கேலியில் தொடங்கியது. ரதியின் பழைய ஜாக்கெட் முழங்கை வரைக்கும் கை வைத்தது, இற்றுக் கிழிந்துவிட்டது. கூத்து நடத்துகிற பொன்னையாக் கங்காணி கொட்டகலையில் தையல்காரர் ஹசனிடம் கொடுத்துப் புதிது தைத்துக்கொண்டு வந்தார். அந்தக் காலத்துப் படங்களில் கதாநாயகிகள் போடுகிற மாதிரி, தோளோடு நிற்கிற குட்டைக் கை, பளபளவென்று சிவப்புச் சாட்டின், ஓரமெல்லாம் சரிகை. அதைப் போட்டுக்கொண்டு சிவசாமி அண்ணன் கையைத் தூக்கி வழி மறித்தபோது பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்:

"அடியே ரதி! மலையெல்லாம் கவ்வாத்து வெட்டுற, உன் கக்கத்த விட்டுட்டியேடி!"

காமன் பொட்டல் முழுக்கச் சிரித்தது. எப்போதும் அழுகிற பெண்களும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த வருடம் யாரும் அழவில்லை.

"அத மனுசன் ஒரு வருசம் நெஞ்சிலயே வச்சிருந்தாரு தங்கச்சி," என்றாள் பேச்சியம்மா. "சோறு தின்னுக்கிட்டு இருக்கும்போதே கையத் தூக்கிக் குனிஞ்சு பாப்பாரு. நான் என்னான்னு கேட்டா ஒண்ணுமில்லம்பாரு."

காப்புக் கட்டிக்கொண்டவர்கள் எரிப்பு முடியும் வரை முடி வெட்டக் கூடாது, சவரம் செய்யக் கூடாது, நகம்கூடக் களையக் கூடாது. அதனால் காப்புக்கு முந்தின நாள் காலையில் சிவசாமி அண்ணன் பிளேடு எடுத்தார். பங்களாக் குசினிக்காரர் தூக்கிப் போட்ட பழைய பிளேடு. அதைக் கண்ணாடித் தம்ளரின் உள்பக்கத்தில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துத் தீட்டினார். தண்ணீரைத் தொட்டு, துணி துவைக்கிற சவுக்காரத்தைப் பூசி, கவ்வாத்து வெட்டுகிறவர் எப்படி வெட்டுவாரோ அப்படியே வெட்டினார்: கீழிருந்து மேலாக, முடி வளர்ந்திருக்கிற போக்குக்கு எதிராக, தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அடியோடு. விரலை வைத்துப் பார்த்து, சொரசொரப்பு இருந்த இடத்தில் மறுபடியும் இழுத்தார். அடியோடு வெட்டினால்தான் சுத்தம் என்பது அவருக்கு இருபது வருடத்துப் பழக்கம். இரண்டு கக்கமும் முடிந்து நெஞ்சையும் வழித்தார். நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, "இப்பக் கத்தச் சொல்லு பாப்போம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாராம்.

முதல் மூன்று நாள் ரதி நன்றாகவே ஆடினாள். நானும் போய்ப் பார்த்தேன். கேலி செய்தவன் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் வழித்த முடி கட்டையாக முளைத்து, சாட்டினில் உராய்ந்து குத்த ஆரம்பித்தது. கூத்து விளக்கு வெளிச்சத்தில் கக்கம் கறுப்பாகத் தெரியுமோ என்ற பயம் வேறு. அன்றைக்குப் பிற்பகல் எல்லாரும் மலையில் இருந்தபோது அவர் தலைவலி என்று சொல்லித் திரும்பி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மணிக்கட்டில் மஞ்சள் காப்போடு அதே பிளேடை எடுத்தார். எட்டாம் நாள் இன்னொரு தடவை.

ஒன்பதாம் நாள் கக்கம் முழுக்கச் சிவப்புச் சிவப்பாகக் குரு. வியர்த்தால் எரிந்தது. அவர் கூத்து முகத்துக்குப் போடுகிற முத்துவெள்ளையைக் குழைத்துக் கக்கத்திலும் அப்பி மறைத்தார். அதற்கு மேலே இறுக்கமான ஜாக்கெட், பகலில் மலையில் மழைக்குப் போர்த்தி நனைந்த கம்பளி, கத்தி வீச்சு. குருக்களில் சிலது வெள்ளை முனை கட்டியது. பழுத்ததை நகத்தால் கிள்ளிப் பிதுக்கி, எரிச்சல் தாங்காமல் சுண்ணாம்பு தடவினார். வலது கக்கத்தில் ஒன்று மட்டும் உள்ளே இறங்கி, எலுமிச்சங்காய் அளவுக்குக் கல்லாக வீங்கியது. பத்தாம் நாள் மாலை வழி மறிக்கிற இடத்தில் ரதியின் வலது கை தோளுக்கு மேலே போகவில்லை. இடது கையை மட்டும் தூக்கிக்கொண்டு இரண்டு சுற்று ஆடினார். மூன்றாவது சுற்றில் பொட்டலின் நடுவில் உட்கார்ந்துவிட்டார். உடம்பு நெருப்பாகச் சுட்டது.

தூக்கிக்கொண்டு வந்து ஜாக்கெட்டைக் கழற்றியதும் கிழவிகள் விளக்கைப் பிடித்துப் பார்த்தார்கள். காய்ச்சல், நெஞ்சில் நாலைந்து முத்து, இரண்டு கக்கத்திலும் கொத்துக் கொத்தாக.

"அம்மா வந்திருக்கா," என்றாள் ஒருத்தி. எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

பொன்னையாக் கங்காணி நன்றாக யோசிக்கிறவர். லயத்தில் அம்மை என்று மருந்துச்சாலைக்குத் தெரிந்தால் டொக்டரையா ஊசியோடு வருவார், லயத்துக்குத் தடை போடுவார்கள், கூத்து நின்றுபோகும். நட்ட கம்பத்தை எரிக்காமல் விட்டால் தோட்டத்துக்கே ஆகாது. "வெளியில மூச்சு விடப்படாது," என்று அவர் எல்லாருக்கும் சொன்னார். "மருந்து மாத்திரை ஒண்ணும் வேணாம். வேப்பிலை கட்டுங்க. அழகன் நாலு நாள் தனியா ஆடட்டும். காப்புக் கட்டின உடம்புல அம்மா எறங்கியிருக்கான்னா அது நம்ம பாக்கியம். எரிப்பன்னிக்கு எந்திருச்சிருவான்."

சிவசாமி அண்ணன் பாயில் கிடந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கதவில் வேப்பிலை ஏறியது. தாளிப்புச் சத்தம் நின்றது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகிற பெண்கள் வாசலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நெற்றி நிலத்தில் படக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். தேங்காய் வைத்தார்கள், வாழைப்பழம் வைத்தார்கள். அம்மா இருக்கிற உடம்பு என்பதால் குளிப்பாட்டவில்லை, கழுவவும் இல்லை. காய்ச்சல் மூன்று நாளாக நின்றபாடில்லை.

மூன்றாம் நாள் காலையில் பேச்சியம்மா என் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதில் பிளேடு இருந்தது. கூரைத் தகரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் கிடந்ததாம். ஓரத்தில் சவுக்காரம் காய்ந்து, அதில் குட்டை முடி ஒட்டியிருந்தது.

"காப்புக்கு முன்னால போட்டாரு, அது எனக்குத் தெரியும். ஆனா அன்னிக்கு இத நான்தான் கழுவித் தொடச்சு வச்சேன் தங்கச்சி. கழுவின பிளேடுல இந்த மயிரு எப்படி வந்துச்சு?"

"அண்ணன்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேன். செவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு." அவள் பிளேடை மறுபடி முடிந்துகொண்டாள். "கடவுள் குத்தமா, வெறும் பிளேடு பண்ணின வேலையான்னு எனக்குத் தெரியணும். வெறும் பிளேடுன்னா மருந்து இருக்கும்ல? கொட்டகலைக்குப் போவோம். அந்த முஸ்லிம் பொம்பளைங்க எல்லாரும் அக்குள்ல முடி வச்சுக்க மாட்டாங்களாம், ஹசன் கடையில சொல்லிக்கிட்டாங்க. அவங்களுக்கு இந்த மாதிரி வராமயா இருக்கும்?"

எனக்கும் லயத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்காமல் குறுக்குப் பாதையில் இறங்கினோம்.

தையல்காரர் ஹசனின் மனைவி சாரா உம்மா கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பெருத்த உடம்பு, பேச்சுக்கு முன்னாலேயே சிரிப்பு வருகிற முகம். பேச்சியம்மா தயங்கித் தயங்கி, கக்கத்தில் குரு வந்திருக்கிறது, வழித்த பிறகு வந்தது என்றாள்.

"ஆருக்கு புள்ள?"

"எனக்குத்தாம்மா."

"கையத் தூக்கு பாப்பம்."

பேச்சியம்மா கையைத் தூக்கவில்லை.

"பொய் சொல்லாத. ஒங்கட பொம்புளைங்க பிளேடத் தொட மாட்டாங்க, எனக்குத் தெரியாதா? உள்ளதச் சொல்லு."

பேச்சியம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரருக்கும்மா. ரதி வேசம் கட்டுறவரு."

"அல்லாவே! எங்கட வீட்டுல தைச்ச செவப்பு ஜாக்கெட்டுப் போட்ட ரதிக்கா?" சாரா உம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "சரி சரி, அழாத. எப்புடி வழிச்சாரு? எத்தன தரம்?"

பேச்சியம்மா தெரிந்ததைச் சொன்னாள். பழைய பிளேடு, கீழிருந்து மேலாக, எட்டு ஒன்பது நாளில் மூன்று தடவையாவது இருக்கும் என்று. சாரா உம்மா தன் முழங்கையில் இருந்த பூனைமுடியைக் காட்டி விளக்கினார்.

"இங்க பாரு. முடி இந்தப் பக்கம் சாஞ்சு முளைக்குது. நீ எதிர்ப்பக்கமா, தோல இழுத்துப் புடிச்சு ஒட்ட வழிச்சா, நுனி ஊசி மாதிரி கூராகி உள்ளுக்குப் போயிரும். திரும்பி வளரும்போது வெளிய வர வழியில்லாம உள்ளயே வளைஞ்சு தோலக் குத்தும். அதுதான் குரு. எங்கட மார்க்கத்துல நாப்பது நாளைக்கு மேல முடிய விடப்படாது, அதால சின்ன வயசுலயே பழகிப் போறம். எனக்கும் கலியாணம் முடிச்ச புதுசுல இப்புடித்தான் வந்திச்சு. மாமி ஏசினாங்க, 'நீ என்ன மாட்டுத்தோலா ஒரிக்கிற?' எண்டு."

"இப்ப என்னம்மா செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாம இருக்கணும், அதுதான் பெரிய வேல. பிளேடக் கிட்டக் கொண்டுபோவாத. கிள்ளாத, பிதுக்காத. சுண்ணாம்பு, மாவு, பௌடர் ஒண்ணும் அப்பப்படாது. வெதுவெதுப்பான தண்ணியில சுத்தமான துணிய நனைச்சுப் புழிஞ்சு, கொஞ்ச நேரம் வச்சு வச்சு எடு. ஒரு நாளைக்கு நாலு தரம். பொறகு ஈரம் இல்லாமத் தொடச்சு விடு. லேசான பருத்திச் சட்ட போடச் சொல்லு. அந்தச் சாட்டின் வேணாம், அது காத்து விடாது. சின்னக் குரு எல்லாம் ஒரு கிழமையில அடங்கிரும். இனி எடுக்கத்தான் வேணுமெண்டா கத்தரிக்கோலால ஒட்டாம வெட்டச் சொல்லு. வழிச்சே ஆகணுமெண்டா, சுடுதண்ணி ஊத்தி முடிய ஊற வச்சு, நல்லா நுரை போட்டு, புது பிளேடால, முடி சாயிற பக்கமா. ஒரு தரம் இழுத்தாப் போதும்."

பேச்சியம்மா ஒவ்வொன்றையும் உதட்டுக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டாள். பிறகு, "ஒண்ணு மட்டும் பெருசா இருக்கும்மா. எலுமிச்சங்கா மாதிரி. மூணு நாளாக் காச்சல்," என்றாள்.

சாரா உம்மாவின் முகத்தில் சிரிப்பு நின்றது.

"காச்சலா? கை வரைக்கும் வலிக்குதா?"

"விரல் வரைக்கும்."

"அப்ப என்னட்ட ஏன் வந்தீங்க? அது உள்ளுக்குச் சீப் புடிச்சிரிச்சு. வெந்நித் துணிக்கு அடங்காது. இண்டைக்கே டொக்டருட்டக் கூட்டிப் போங்க. ரத்தத்துல சேந்திரிச்செண்டா மனுசன் தங்க மாட்டாரு."

திரும்பி ஏறும்போது பேச்சியம்மா எங்கும் நிற்கவில்லை. நான்தான் மூச்சு வாங்கிப் பின்தங்கினேன்.

அன்று பிற்பகல் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது முழுக்க எனக்குக் கேட்டது.

"எந்திரிங்க, மருந்துச்சாலைக்குப் போவோம்."

"போனா என்னான்னு கேப்பாரு."

"பிளேடுன்னு சொல்லுங்க."

"எப்பப் போட்டன்னு கேப்பாரு. லயத்துக்குத் தெரியும். காப்ப அறுத்துருவாங்க."

"அறுக்கட்டுமே! உசுரவா அறுக்கப் போறாங்க?"

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "இன்னும் ரெண்டே நாள் இருக்கு பேச்சி. எரிப்பு முடியட்டும். எனக்கு வேற என்ன இருக்கு சொல்லு? செத்தாலும் ரதியாச் சாகுறேன்."

"அப்ப நான் யாருங்க?" என்றாள் அவள்.

அவள் துணி நனைத்து ஒற்றடம் கொடுத்தாள். சின்னக் குருக்களின் எரிச்சல் தணிந்தது என்றார். பெரிய கட்டியின் பக்கத்தில் துணியைக் கொண்டுபோனாலே பல்லைக் கடித்தார். அவளாகவே போய் டொக்டரிடம் சொல்லிவிடுவாள் என்று நான் நினைத்தேன். அவள் போகவில்லை. "நான் சொன்னா நான் அறுத்த மாதிரி ஆயிரும்ல," என்றாள்.

மறுநாள் காலையில் பெரட்டு கலைந்த பிறகு அம்மாக்கண்ணு வந்தாள். கீழ் லயத்துக்காரி. இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. குழந்தையின் கழுத்து இரண்டு பக்கமும் வீங்கி, வாய் திறந்து, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அவள் வாசலில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே வந்து, குழந்தையைச் சிவசாமி அண்ணனின் காலடியில் கிடத்தினாள். நானும் பேச்சியம்மாவும் கதவோரம் நின்றோம்.

"தாயே, ஒரு தடவ தொட்டுத் திருநீறு பூசி விடு. ஒங்கிட்ட வந்ததுக்கு அப்புறம் வேற ஒண்ணும் குடுக்க மாட்டேன்."

அவர் இடது கையால் திருநீற்றுத் தட்டை எடுத்தார். மூன்று நாளாக வந்தவர்களுக்கெல்லாம் அப்படிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். விரலைத் தட்டில் வைத்தவர் பூசாமல் நிறுத்தினார்.

"வேற ஒண்ணுன்னா?"

"டொக்டரையா மருந்து குடுத்தாரு. முந்தாநாத்துல இருந்து நிறுத்திட்டேன். அம்மா எறங்கியிருக்கிற தோட்டத்துல மருந்து குடுத்தா அவளுக்குக் கோவம் வரும்னு சொன்னாங்க."

"நிறுத்திட்டியா?"

"கீழ ஊத்திட்டேன் தாயி."

அவர் தட்டைக் கீழே வைத்தார். "புள்ளையத் தூக்கு அம்மாக்கண்ணு," என்றார். "தூக்கிட்டு மருந்துச்சாலைக்கு ஓடு. எனக்கு வந்திருக்கிறது அம்மா இல்ல."

அம்மா சோதிக்கிறாள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். இன்னும் குனிந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். "கைவிட்டுறாத தாயே, நான் என்ன தப்புச் செஞ்சிருந்தாலும்…"

"நீ செய்யலடி, நான் செஞ்சேன்!" அவ்வளவு சத்தமாக அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை. போர்த்தியிருந்த வேட்டியை இழுத்து எறிந்துவிட்டு, இடது கையால் வலது கையைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். வலியில் முகம் கோணியது. "பாரு. பிளேடு போட்டேன். காப்போட ரெண்டு தடவ போட்டேன். அதுதான் சீக்கட்டிக் கெடக்கு. இதுல சாமி இல்ல, ஒண்ணும் இல்ல. என் காலப் புடிக்காத."

அம்மாக்கண்ணு கையை எடுத்தாள். சூடு பட்டவள்போல் எடுத்தாள். குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை, ஓடினாள்.

அரை மணி நேரத்தில் பொன்னையாக் கங்காணி வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் அழகனும் வந்து இஸ்தோப்பில் நின்றான்.

"நெசமாடா?"

"நெசந்தான் அண்ணே."

"எதுக்குடா செஞ்ச?"

"போன வருசம் சிரிச்சாங்க."

"சிரிச்சாங்க!" கங்காணி நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஒரு சிரிப்புக்காகக் கம்பத்துக்கு முன்னால சத்தியம் பண்ணினத விட்டுட்டியே. தோட்டமே வந்து ஒன் வாசல்ல விழுந்துச்சேடா. நானும் விழுந்தேன். அப்பயாச்சும் சொல்லியிருக்கப்படாதா?"

சிவசாமி அண்ணன் காப்புக் கட்டிய கையை நீட்டினார். காப்பைக் கத்தியால் அறுக்கவில்லை. பொன்னையாக் கங்காணி உட்கார்ந்து விரலால் அவிழ்த்தார். மஞ்சள் நூல் வியர்வையில் இறுகிப் போயிருந்தது. நேரம் ஆனது. அவர் அவிழ்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க சிவசாமி அண்ணன் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழகனும் நானும் தாங்கிப் பிடித்து அவரை மருந்துச்சாலைக்கு நடத்திப் போனோம். பேச்சியம்மா முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

டொக்டரையா கட்டியைப் பார்த்ததும் ஏசத் தொடங்கியவர், கீறிச் சீயை எடுத்து முடிக்கும் வரை நிறுத்தவில்லை. ஒரு கிண்ணம் நிறைய வந்தது. பென்சிலின் ஊசி போட்டார். "அம்மையும் கிடையாது, மண்ணும் கிடையாது," என்றார். "முடிக்குழியில வந்த புண்ணு. கிள்ளிக் கிள்ளி அழுக்க உள்ள விட்டிருக்கான். இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா என்கிட்ட வர வேண்டிய வேலையே இருந்திருக்காது." பக்கத்துப் பெஞ்சில் அம்மாக்கண்ணுவின் குழந்தை படுத்திருந்தது. அதன் வாயில் மருந்தை ஊற்றிக்கொண்டிருந்தவள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அந்தக் குழந்தை பிழைத்தது. தேற ஒரு மாதம் ஆனது.

எரிப்பு அன்று அழகனின் தம்பி ரதியாக ஆடினான். நான் போகவில்லை. தப்பு மேளச் சத்தம் எங்கள் மேட்டு லயம் வரைக்கும் வந்தது. சிவசாமி அண்ணன் கையைத் தலையணையின் மேல் வைத்துக்கொண்டு, மேலே பார்த்தபடி படுத்திருந்தார். பேச்சியம்மா துணியை நனைத்துப் பிழிந்து வைத்துக்கொண்டே இருந்தாள்.

சின்னக் குருக்கள் சாரா உம்மா சொன்னது மாதிரியே ஒரு கிழமையில் அடங்கின. கீறிய புண் ஆற ஒன்றரை மாதம் எடுத்தது. லயத்து ஆட்களின் கோபம் அதற்குப் பிறகும் ஆறவில்லை. காப்புப் பிசகியதற்காக யாரும் அவ்வளவாகக் கோபப்படவில்லை. மனுசன் தவறுகிறவன்தானே என்றார்கள். தாங்கள் நெற்றி படக் கும்பிட்டதைத்தான் மறக்க முடியவில்லை. வேப்பிலைக் கொத்தை யாரோ பிய்த்து வாசலிலேயே வீசியிருந்தார்கள். வாழைப்பழம் வைத்தவள் ஒருத்தி பீலிக்கரையில் பேச்சியம்மா காதுபட, "இனிச்சுச்சா?" என்று கேட்டாள். அந்த மழைக்காலத்தில் மழை தவறியதற்கும் அவரைத்தான் சொன்னார்கள். சித்திரையில் அவர் மறுபடி கவ்வாத்துக்குப் போனபோது பக்கத்து வரிசையில் வெட்ட யாரும் நிற்கவில்லை. வலது கைக்கு வீச்சு இல்லை. சிம்பு பிளக்க ஆரம்பித்தது. பிறகு உரம் போடுகிற வேலைக்கு மாற்றினார்கள்.

நான் அந்த வருடமும் எங்கேயாவது புறப்பட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். ஏதேதோ காரணத்தால் தங்கிவிட்டேன். அடுத்த மாசிக்கு நான்கு நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பொன்னையாக் கங்காணி எங்கள் வரிசைக்கு ஏறி வந்தார். சிவசாமி அண்ணன் இஸ்தோப்பில் குந்தி, கழன்றுபோன மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். கங்காணி ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். மஞ்சள் பருத்தி ஜாக்கெட். மணிக்கட்டு வரை நீளக் கை, தளர்வாக.

"ஹசன் காக்காகிட்டச் சொல்லித் தைச்சேன். அவரு வீட்டு அம்மாதான் அளவு சொன்னாங்களாம், கக்கத்துல இறுக்கம் இருக்கப்படாதுன்னு." அவர் குரலைத் தாழ்த்தினார். "போன வருசம் அந்தப் பய ஆடினான். ஒரு பொம்பளையும் அழலடா. நானே சொல்லிர்றேன் எல்லார்கிட்டயும். அபராதம் கட்டிட்டுக் காப்புக் கட்டிக்க."

பேச்சியம்மா உள்ளேயிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஓர் ஆசையை நான் பார்த்ததில்லை.

சிவசாமி அண்ணன் கையை வேட்டியில் துடைத்துவிட்டு ஜாக்கெட்டை வாங்கினார். துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். கக்கத்துத் தையலை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று இரண்டு கைகளையும் விரித்துத் தூக்கினார். இடது கை போனது. வலது கை தோள் உயரத்தில் நின்றது. தழும்பு இழுத்துப் பிடித்தது, முகத்தில் தெரிந்தது.

"அவ்வளவு போதும்டா," என்றார் கங்காணி. "யாருக்குத் தெரியப் போகுது?"

"இந்தப் பக்கமா மன்மதன் போயிருவானே அண்ணே."

அம்மாக்கண்ணுவும் வந்து முன்னால் உட்காருவாள் என்று கங்காணி சொன்னார். அவள்தான் தன்னை அனுப்பியதாகவும் சொன்னார். அது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சிவசாமி அண்ணன் ஜாக்கெட்டை மடித்து, மடிப்பைத் தடவி, அவர் கையில் கொடுத்தார். பேச்சியம்மா உள்ளே போய்விட்டாள். கங்காணி அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.